வீட்டுத் தோட்டத்தில் ஒரு நீச்சல் குளம்!

வீட்டுக்குப் பின்னால் ஒரு தோட்டம். தோட்டத்தின் நடுவே நீல நிறத்தில் பளபளக்கும் நீச்சல் குளம். சினிமாவில் பணக்காரர் வீட்டைக் காட்ட வேண்டும் என்றால் இந்தக் காட்சி கட்டாயம் இருக்கும்.

ஆனால் அமெரிக்காவில் இது பெரும் பணக்காரர்களுக்கு மட்டும் உரியது அல்ல. கலிபோர்னியா, புளோரிடா, அரிசோனா போன்ற வெயில் மிகுந்த மாநிலங்களில், மாதச் சம்பளம் வாங்கும் குடும்பத்தினர்கூட வீட்டில் குளம் கட்டிக்கொள்கிறார்கள். லட்சக்கணக்கான வீடுகளில் இப்படிப்பட்ட குளங்கள் இருக்கின்றன.

குளம் வட்டமாக இருக்கலாம். நீளமாக இருக்கலாம். வளைந்து நெளிந்தும் இருக்கலாம். அது வீட்டுக்காரரின் விருப்பம்.

ஆனால் தண்ணீருக்கு என்று சில குணங்கள் உண்டு. அவற்றை வீட்டுக்காரர் மாற்ற முடியாது. தண்ணீர் கனமானது, சுவரையும் தரையையும் அழுத்தும். சிறு விரிசல் கிடைத்தாலும் ஓடிவிடும். அசையாமல் நின்றால் கெட்டுப் போகும். கண் அயர்ந்தால் உயிரையும் வாங்கும்!

இந்த நான்கையும் முன்பே யோசித்துக் கட்டினால், குளம் குடும்பத்துக்கு மகிழ்ச்சி தரும். யோசிக்காமல் கட்டினால் அதுவே பெரிய தொல்லை ஆகிவிடும். குளம் கட்டுவது எப்படி? எதில் ஏமாறக் கூடாது? இதோ விவரம்.

பத்திரிகை அதிபரின் குளம்

ஒரு காலத்தில், வீட்டில் குளம் என்பது கோடீசுவரர்களின் பொழுதுபோக்காக இருந்தது.

வில்லியம் ராண்டால்ஃப் ஹர்ஸ்ட் என்பவர் அமெரிக்காவில் பெரிய பத்திரிகை அதிபர். கலிபோர்னியாவில் சான் சிமியோன் என்ற இடத்தில், கடலைப் பார்த்தபடி நிற்கும் ஒரு மலை மீது அவர் மாளிகை கட்டினார். அதில் ஒரு நீச்சல் குளமும் அமைத்தார். கிரேக்க, ரோமானியக் கோவில்களைப் போன்ற தூண்களும் பளிங்குச் சிலைகளும் அதைச் சுற்றி நிற்கின்றன. அதன் பெயர் "நெப்டியூன் குளம்". நெப்டியூன் என்றால் ரோமானியர்களின் கடல் தெய்வம்.

இதற்குத் திட்டம் போட்டவர் ஒரு பெண். அவர் பெயர் ஜூலியா மார்கன். கலிபோர்னியாவில் கட்டிடக் கலைஞராக லைசென்சு பெற்ற முதல் பெண்மணி அவர்தான்.

1924-ம் ஆண்டில் குளத்து வேலை தொடங்கியது. குளம் கட்டி முடிந்தது. "இது சிறிதாக இருக்கிறது, பெரிதாக்க வேண்டும்" என்பது ஹர்ஸ்டின் விருப்பம். மாற்றிக் கட்டினார்கள். அதுவும் அவருக்குப் போதவில்லை. மறுபடியும் மாற்றினார்கள். மூன்றாவது முறையாகக் கட்டிய பிறகுதான் அவர் மனம் நிறைந்தது. அப்போது ஆண்டு 1936!

அந்தக் குளம் 104 அடி நீளம். அதில் சுமார் 13 லட்சம் லிட்டர் தண்ணீர் பிடிக்கும்.

அவ்வளவு செலவு செய்து கட்டிய குளத்திலும் நாளடைவில் விரிசல் விட்டது. தண்ணீர் கசிந்தது. 2014-ம் ஆண்டில், கலிபோர்னியாவில் கடும் வறட்சி நிலவியபோது, குளத்தில் இருந்த தண்ணீர் வெளியேற்றப்பட்டது. பழுது பார்த்து மறுபடியும் தண்ணீர் விட்டது 2018-ம் ஆண்டில்தான்.

கோடீசுவரர் ஒருவர் கட்டலாம், இடிக்கலாம், மறுபடியும் கட்டலாம். சாதாரணக் குடும்பத்தால் அது முடியுமா? முடியாது. ஆகையால் குழி தோண்டுவதற்கு முன்பே எல்லாவற்றையும் முடிவு செய்துவிட வேண்டும்.

யானை மனிதர் கொடுத்த கருவி

கோடீசுவரர் வீட்டுக் குளம், நடுத்தரக் குடும்பத்தின் வீட்டுக்கு வந்தது எப்படி? அதற்கு உதவிய கருவியைக் கண்டுபிடித்தவர் ஒரு என்ஜினீயர் அல்ல. இறந்த மிருகங்களுக்கு உயிர் உள்ளவை போலவே உருவம் கொடுத்து, கண்காட்சியில் நிறுத்துகிறவர்!

அவர் பெயர் கார்ல் ஏக்லி. அமெரிக்காவில் புகழ் பெற்றிருந்த "ஜம்போ" என்ற சர்க்கஸ் யானை, 1885-ம் ஆண்டில் ரெயில் மோதி இறந்தது. அதன் தோலைப் பாடம் செய்து நிறுத்தியவர்களில் ஏக்லியும் ஒருவர். 1896-ம் ஆண்டில் ஆப்பிரிக்காவுக்குச் சென்றபோது, ஒரு சிறுத்தை அவர் மீது பாய்ந்தது. அதை வெறும் கையாலேயே போராடிக் கொன்றார்!

பிறகு அவர் சிகாகோ நகரில் உள்ள பீல்டு கண்காட்சி சாலையில் வேலை பார்த்தார். 1907-ம் ஆண்டு வாக்கில் அந்தக் கட்டிடத்தின் வெளிச்சுவர்கள் உதிரத் தொடங்கின. அவ்வளவு பெரிய சுவருக்குக் கையால் பூச்சு பூசுவது என்றால் மாதக் கணக்கில் ஆகும். ஏக்லி யோசித்தார். சிமெண்டைப் பீய்ச்சி அடிக்கும் ஒரு கருவியைச் செய்தார்.

அதன் வேலை இதுதான்: காய்ந்த சிமெண்டும் மணலும் கலந்த கலவையை, காற்றின் வேகத்தால் ஒரு குழாய் வழியாகத் தள்ள வேண்டும். குழாயின் முனையில் தண்ணீர் வந்து சேரும். கலவை ஈரமாகி, மிகுந்த வேகத்துடன் சுவரில் போய் மோதும். மோதிய இடத்தில் அழுத்தமாக ஒட்டிக்கொள்ளும்.

இதற்குச் "சிமெண்டுத் துப்பாக்கி" என்று பெயர் வந்தது. 1911-ம் ஆண்டில் ஏக்லிக்கு இதற்கான காப்புரிமை கிடைத்தது. இப்படி அடிக்கும் சிமெண்டுக்குக் "கன்னைட்" என்று பெயர்.

சாதாரணமாகக் கான்கிரீட் சுவர் எழுப்ப வேண்டுமானால், இரண்டு பக்கமும் பலகை அடித்து, நடுவில் கலவையைக் கொட்ட வேண்டும். பலகையை வளைப்பது கடினம். ஆகவே நேரான சுவர்தான் சுலபம். சிமெண்டுத் துப்பாக்கிக்கு அந்தப் பலகை தேவை இல்லை. குழியின் மண்சுவரே போதும். குழி எப்படி வளைந்தாலும், அதன் மீது கம்பி கட்டிச் சிமெண்டை அடித்துவிடலாம். வேலையும் விரைவில் முடியும். செலவும் குறையும்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, கலிபோர்னியாவில் ஆயிரக்கணக்கான புது வீடுகள் எழும்பின. அந்த வீடுகளின் பின்புறத்தில் கன்னைட் குளங்களும் பெருகின.

முந்திரிக்கொட்டைக் குளம்

வளைந்த குளத்துக்குப் பெயர் வாங்கித் தந்தது, கலிபோர்னியாவில் சோனோமா என்ற ஊருக்கு அருகில் உள்ள ஒரு பண்ணைத் தோட்டம். டானல் என்ற குடும்பத்தினருக்காக, தாமஸ் சர்ச் என்ற தோட்டக் கலைஞர் அதை உருவாக்கினார். 1948-ம் ஆண்டில் வேலை முடிந்தது.

அந்தத் தோட்டம் ஒரு குன்றின் மீது இருக்கிறது. அங்கிருந்து கீழே பார்த்தால், உப்பங்கழியின் நீரோடைகள் வளைந்து வளைந்து செல்வது தெரியும். தோட்டத்துக் குளமும் அந்த வளைவுகளைப் போலவே அமைந்தது.

அமெரிக்கர்கள் இந்த வடிவத்தைச் "சிறுநீரக வடிவம்" என்கிறார்கள். நாம் முந்திரிக்கொட்டை வடிவம் என்று சொல்லலாம். குளத்தின் நடுவே ஒரு சிற்பம் தீவு போல நிற்கிறது. நீந்துகிறவர்கள் அதில் உள்ள துவாரத்தின் வழியாகப் புகுந்து வரலாம்!

அந்த இடத்தில் பழைய ஓக் மரங்கள் நின்றன. தாமஸ் சர்ச் அவற்றை வெட்டவில்லை. பலகைத் தளம் போட்டபோது, மரம் நிற்கும் இடத்தில் துளை விட்டார். மரங்கள் தளத்தின் ஊடே வளர்ந்து நிழல் கொடுத்தன.

இதில் ஒரு பாடம் இருக்கிறது. குளத்தின் படத்தைப் புத்தகத்தில் பார்த்துவிட்டு, "இதைப் போலவே வேண்டும்" என்று கேட்கக் கூடாது. நிலம் எப்படி இருக்கிறது, எந்தப் பக்கம் சரிவு, எங்கே மரம், எங்கே வெயில் என்று முதலில் பார்க்க வேண்டும். குளத்தின் வடிவம் அதற்குப் பிறகுதான்.

இடம் பார்ப்பது எப்படி?

குளத்துக்கு நாளில் பெரும் பகுதி வெயில் விழ வேண்டும். வெயில் இல்லாவிட்டால் தண்ணீர் சில்லென்று இருக்கும். யாரும் இறங்க மாட்டார்கள்.

மரத்தடியில் குளம் வேண்டாம். சருகுகள் விழுந்துகொண்டே இருக்கும். வேர்கள் குழாயையும் சுவரையும் நெருக்கும்.

குளத்துக்கு மேலே மின்சாரக் கம்பி போகக் கூடாது.

மழைத் தண்ணீர் ஓடி வந்து சேரும் பள்ளத்தில் குளம் கட்டக் கூடாது. சேறும் உரமும் பூச்சி மருந்தும் அதில் வந்து கலந்துவிடும்.

சமையல் அறை ஜன்னலில் இருந்து பார்த்தால் குளம் முழுவதும் கண்ணில் பட வேண்டும். இது அழகுக்காக அல்ல, பாதுகாப்புக்காக!

குழி தோண்டும் இயந்திரம் உள்ளே வர வழி இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். வீட்டுக்கும் மதிலுக்கும் நடுவில் உள்ள சந்து குறுகலாக இருந்தால், மதிலை இடிக்க நேரிடும். அதுவும் ஒரு செலவு.

மண்ணைப் பரிசோதிப்பது முக்கியம். களிமண், மழையில் உப்பும். வெயிலில் சுருங்கி வெடிக்கும். அப்படிப்பட்ட மண்ணில் கம்பியும் சிமெண்டும் கூடுதலாகத் தேவைப்படும். பாறை இருந்தால் தோண்டும் செலவு ஏறும்.

நகரசபையின் அனுமதி பெற வேண்டும். பூமிக்கு அடியில் மின்சாரக் கம்பி, எரிவாயுக் குழாய், சாக்கடைக் குழாய் எது போகிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இதற்காகவே அமெரிக்கா முழுவதும் 811 என்ற டெலிபோன் எண் 2007-ம் ஆண்டு முதல் இருக்கிறது. தோண்டுவதற்குச் சில நாட்களுக்கு முன் அந்த எண்ணுக்குச் சொன்னால், ஆட்கள் வந்து தரையில் வர்ணத்தால் அடையாளம் போட்டுவிட்டுப் போவார்கள்.

எவ்வளவு பெரிதாக?

கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் குளத்தின் உண்மையான அளவு புரியும்.

32 அடி நீளம், 16 அடி அகலம் உள்ள ஒரு குளம். ஒரு முனையில் 3 அடி ஆழம். மறு முனையில் 7 அடி. சராசரி ஆழம் 5 அடி. இதில் எவ்வளவு தண்ணீர் பிடிக்கும்? சுமார் 72,000 லிட்டர்!

12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் 6 வந்தால்தான் நிரம்பும். அந்தத் தண்ணீரின் எடை 72 டன். 7 அடி ஆழத்தில், தரையின் ஒவ்வொரு சதுர அடி மீதும் ஏறக்குறைய 200 கிலோ எடை உட்கார்ந்திருக்கும்.

குளத்தில் யார் இறங்கப் போகிறார்கள் என்பதை நினைத்து ஆழத்தை முடிவு செய்ய வேண்டும். குழந்தைகள் விளையாடவும் பெரியவர்கள் நடக்கவும் 3 அடி முதல் 5 அடி வரை போதும். உயரத்தில் இருந்து தலைகீழாகக் குதிக்க ஆசைப்பட்டால் விஷயம் வேறு. 9 அடிக்குக் குறைந்த ஆழத்தில் தலைகீழாகப் பாயக் கூடாது என்பது அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தின் எச்சரிக்கை. தலை தரையில் மோதினால் கழுத்து எலும்பு முறியும்; கை, கால் விளங்காமல் போகும். வீட்டுக் குளங்களில் பெரும்பாலானவை அவ்வளவு ஆழம் உள்ளவை அல்ல. ஆகவே குதிக்கும் பலகை வேண்டாம் என்று விட்டுவிடுவதே நல்லது.

குழியில் இருந்து குளம் வரை

முதலில் தரையில் சுண்ணாம்பால் குளத்தின் உருவத்தை வரைவார்கள். வீட்டுக்காரர் மாடியில் இருந்தும், சமையல் அறையில் இருந்தும், தோட்டத்துக் கோடியில் இருந்தும் அதைப் பார்க்கலாம். கோட்டை அழித்து மாற்றக் காசு செலவு இல்லை. மாற்ற வேண்டியதை அப்போதே மாற்றிவிட வேண்டும்.

பிறகு இயந்திரம் குழி தோண்டும். விளிம்புகளை ஆட்கள் செதுக்கிச் சரி செய்வார்கள்.

அடுத்து, இரும்புக் கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாக வலை போலக் கட்டுவார்கள். கான்கிரீட் எடையைத் தாங்கும். ஆனால் இழுத்தால் வெடிக்கும். அந்த இழுப்பைத் தாங்குவது கம்பிதான். கம்பி மண்ணைத் தொடக் கூடாது. தொட்டால் துருப்பிடிக்கும். அதனால் அடியில் சிறு சிறு கட்டைகள் வைத்துக் கம்பியைத் தூக்கி நிறுத்துவார்கள்.

பிறகு குழாய் வேலை. தண்ணீர் போகும் குழாய், வரும் குழாய் எல்லாவற்றையும் பொருத்தி, அழுத்தம் கொடுத்துச் சோதிக்க வேண்டும். கான்கிரீட் போட்ட பிறகு குழாயில் ஒழுக்கு இருப்பது தெரிந்தால், உடைத்துத்தான் பார்க்க வேண்டும்!

மின்சார வேலையைப் படித்துத் தேர்ந்த ஆளிடம்தான் விட வேண்டும். கம்பி, ஏணி, கைப்பிடி என்று குளத்தைச் சுற்றி உள்ள எல்லா உலோகப் பொருள்களையும் தடித்த செம்புக் கம்பியால் ஒன்றோடு ஒன்று இணைக்க வேண்டும். மின்சாரம் கசிந்தால் ஒரு கணத்தில் துண்டித்துவிடும் கருவியையும் பொருத்த வேண்டும். ஈர உடம்பு மின்சாரத்துக்குச் சுலபமான வழி. இதில் சிக்கனம் கூடாது.

இதன் பிறகு சிமெண்டுத் துப்பாக்கி வரும். குளத்தின் தரை, சுவர், படிக்கட்டு எல்லாவற்றையும் பெரும்பாலும் ஒரே நாளில் அடித்து முடித்துவிடுவார்கள்.

அந்தச் சிமெண்டுக்கு ஒரு வார காலமாவது தினமும் தண்ணீர் தெளித்து ஈரமாக வைத்திருக்க வேண்டும். கொத்தனார்கள் புதுத் தளத்தின் மேல் வரப்பு கட்டித் தண்ணீர் நிறுத்துவது இல்லையா? அதே காரணம்தான். ஈரம் சீக்கிரம் போய்விட்டால் சிமெண்டுக்கு வலு ஏறாது. முழு வலு ஏற 28 நாட்கள் ஆகும்.

பிறகு விளிம்பில் ஓடு பதிப்பார்கள். சுற்றிலும் வழுக்காத கல் பாவுவார்கள். கடைசியாக, வெள்ளைச் சிமெண்டும் பளிங்குக்கல் தூளும் கலந்து உள்பூச்சு பூசுவார்கள்.

பூச்சு முடிந்து தண்ணீர் விடத் தொடங்கினால் நடுவில் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால், நிறுத்திய மட்டத்தில் ஒரு கோடு விழும். பிறகு அது எளிதில் போகாது.

காலிக் குளம் மிதக்கும்!

குளத்தில் தண்ணீர் இருந்தால்தான் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். காலியாக இருந்தாலும் ஆபத்து உண்டு.

காலிக் குடத்தைத் தண்ணீருக்குள் அழுத்திப் பாருங்கள். கையை எடுத்ததும் மேலே வந்துவிடும். காலிக் குளமும் அப்படித்தான்!

மழைக் காலத்தில் பூமிக்கு அடியில் தண்ணீர் மட்டம் உயரும். குளத்தின் தரைக்கு மேலே 4 அடி வரை நிலத்தடி நீர் ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அது தரையின் ஒவ்வொரு சதுர அடியையும் சுமார் 113 கிலோ வேகத்தில் மேலே தள்ளும். அரை அடி கனம் உள்ள கான்கிரீட் தரையோ, ஒரு சதுர அடிக்கு 34 கிலோ எடைதான் இருக்கும். உள்ளே தண்ணீர் இருந்தால் அதன் எடை குளத்தை அழுத்திப் பிடிக்கும். தண்ணீர் இல்லாவிட்டால்? தரை வெடிக்கும், அல்லது குளமே மண்ணைப் பிளந்துகொண்டு கிளம்பிவிடும்.

இதற்காகத் தரையில் ஒரு வால்வு வைக்கிறார்கள். வெளியே தண்ணீர் அழுத்தினால் அது திறந்து, அந்தத் தண்ணீரைக் குளத்துக்குள்ளேயே விட்டுவிடும். சின்னப் பொருள், பெரிய குளத்தைக் காப்பாற்றும். அது இருந்தாலும், நிபுணரைக் கேட்காமல் குளத்தைக் காலி செய்யக் கூடாது. அடைமழை நேரத்தில் காலி செய்யவே கூடாது.

தண்ணீருக்கும் மருந்து

நின்ற தண்ணீரில் பாசி பிடிக்கும். கொசு முட்டை இடும். கிருமிகள் பெருகும்.

ஆகவே பம்பு ஓட வேண்டும். ஏறக்குறைய 8 மணி நேரத்தில் குளத்துத் தண்ணீர் முழுவதும் ஒரு முறை வடிகட்டி வழியாகச் சென்று வரும்படி அமைப்பது வழக்கம். 72,000 லிட்டர் குளம் என்றால், மணிக்கு 9,000 லிட்டர் இறைக்கும் பம்பு தேவை.

அழுக்கை வடிகட்டி பிடித்துவிடும். கிருமியைக் கொல்லக் குளோரின் வேண்டும். 10 லட்சம் பங்கு தண்ணீருக்குக் குறைந்தது 1 பங்கு குளோரின் எப்போதும் இருக்க வேண்டும். அதாவது, 72 டன் தண்ணீரில் வெறும் 72 கிராம்! வெயில் பட்டால் குளோரின் குறைந்துகொண்டே போகும். அதனால் அடிக்கடி சோதித்துப் பார்க்க வேண்டும்.

குளோரின் மருந்தையும் அமிலத்தையும் ஒன்றாகக் கலக்கக் கூடாது. கலந்தால் நச்சுப் புகை கிளம்பும். இரண்டையும் தனித் தனியாக, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில், பூட்டி வைக்க வேண்டும்.

தண்ணீர் ஆவியாகவும் போகும். அந்த 32 அடிக் குளத்தில் ஒரு நாளைக்குக் கால் அங்குலம் குறைந்தால், போனது 300 லிட்டர். குளத்தை உபயோகிக்காத நேரத்தில் மேலே விரிப்புப் போட்டு மூடினால், இதில் பெரும் பகுதியை மிச்சம் பிடிக்கலாம்.

1976, 1977-ம் ஆண்டுகளில் கலிபோர்னியாவில் கடும் பஞ்சம் வந்தது. பல வீடுகளில் குளங்கள் வற்றிக் கிடந்தன. சக்கரம் வைத்த சறுக்குப் பலகையில் விளையாடும் பையன்கள் அவற்றில் இறங்கி, வளைந்த சுவர்களில் ஏறி இறங்கி வித்தை காட்டினார்கள். இன்று உலகம் முழுவதும் பரவி, ஒலிம்பிக்கிலும் சேர்ந்துவிட்ட அந்த விளையாட்டு வளர்ந்த கதையில், காலிக் குளங்களுக்கும் பங்கு உண்டு! பையன்களுக்குக் கொண்டாட்டம், வீட்டுக்காரர்களுக்கோ திண்டாட்டம். தண்ணீருக்குத் தட்டுப்பாடு உள்ள ஊரில் குளம் கட்ட நினைப்பவர்கள் இதையும் யோசிக்க வேண்டும்.

குழந்தையின் உயிர்

இதுவரை சொன்னவை எல்லாம் பணத்தையும் வசதியையும் பற்றியவை. இனி வருவது உயிரைப் பற்றியது.

அமெரிக்காவில் 1 வயது முதல் 4 வயது வரை உள்ள குழந்தைகளின் சாவுக்கு முதல் காரணம் எது தெரியுமா? காய்ச்சல் அல்ல. கார் விபத்தும் அல்ல. தண்ணீரில் மூழ்குவதுதான்! அதிலும் பெரும்பாலான குழந்தைகள் மூழ்குவது, வீட்டு நீச்சல் குளத்தில்.

குழந்தை தண்ணீரில் விழுந்தால் கூச்சல் போடும், கை காலை அடித்துக்கொள்ளும் என்று பெரியவர்கள் நினைக்கிறார்கள். அப்படி நடப்பது இல்லை. மூச்சுக்குத் திணறும் குழந்தையால் கத்த முடியாது. சத்தம் இல்லாமல், சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிடும். டெலிபோன் பேசப் போன நேரம் போதும்.

நம் ஊரில் வீட்டுக் கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் எழுப்புகிறோம். நீச்சல் குளத்துக்கு அந்தச் சுவர்தான் வேலி.

வீட்டைச் சுற்றி மதில் இருக்கிறதே, போதாதா? போதாது! தெருவில் போகும் குழந்தையைத்தான் மதில் தடுக்கும். வீட்டுக்குள் இருக்கும் குழந்தை பின்வாசல் வழியாக நேரே குளத்துக்குப் போய்விடுமே? ஆகவே வீட்டுக்கும் குளத்துக்கும் நடுவிலும் வேலி வேண்டும். அதாவது குளத்துக்கு நாலு பக்கமும் வேலி.

வீட்டுப் பக்கம் திறந்து கிடக்கும் மூன்று பக்க வேலியைவிட, நாலு பக்க வேலி குழந்தைகள் மூழ்கும் ஆபத்தை 83 சதவீதம் குறைக்கிறது என்கிறது அமெரிக்க சர்க்காரின் நோய்த் தடுப்பு இலாகா.

வேலி எப்படி இருக்க வேண்டும்? குறைந்தது 4 அடி உயரம். கலிபோர்னியாச் சட்டம் 5 அடி கேட்கிறது. கம்பிகளின் இடைவெளியில் 4 அங்குலப் பந்துகூட நுழையக் கூடாது. நுழைந்தால் குழந்தையும் புகுந்துவிடும். கால் வைத்து ஏற வசதியாகக் குறுக்குச் சட்டம் இருக்கக் கூடாது. பக்கத்தில் நாற்காலியோ பூந்தொட்டியோ வைக்கக் கூடாது. கதவு வெளிப்பக்கம் திறக்க வேண்டும். விட்டதும் தானே மூடிக்கொள்ள வேண்டும். தாழ்ப்பாளும் தானே விழ வேண்டும். அந்தத் தாழ்ப்பாள் குழந்தையின் கைக்கு எட்டக் கூடாது.

கலிபோர்னியாவில் வீட்டுக் குளங்களுக்கு என்றே 1996-ம் ஆண்டில் ஒரு பாதுகாப்புச் சட்டம் செய்தார்கள். வேலி, உறுதியான மூடி, கதவில் அலாரம் மணி, தண்ணீரில் யாராவது விழுந்தால் அலறும் மணி என்று 7 வகைப் பாதுகாப்புகள் அதில் சொல்லப்பட்டுள்ளன. புதிதாகக் கட்டும் குளத்துக்கு இவற்றில் குறைந்தது 2 இருக்க வேண்டும் என்பது 2018-ம் ஆண்டு முதல் கட்டாயம்.

உறிஞ்சும் துவாரம்

குளத்தின் அடியில் ஒரு துவாரம் இருக்கும். அதன் வழியாகப் பம்பு தண்ணீரை உறிஞ்சும். பார்த்தால் சாதுவாகத் தெரியும். ஆனால் இதுவும் உயிர் குடித்திருக்கிறது.

ஜேம்ஸ் பேக்கர் என்பவர் அமெரிக்காவின் வெளிநாட்டு மந்திரியாக இருந்தவர். 2002-ம் ஆண்டு ஜூன் மாதம், 7 வயதான அவருடைய பேத்தி, ஒரு விருந்துக்குப் போன இடத்தில் வெந்நீர்த் தொட்டியில் இறங்கினாள். அடியில் இருந்த உறிஞ்சு துவாரம் அவளைப் பிடித்து இழுத்துக்கொண்டது. அந்தச் சிறுமிக்கு நீச்சல் தெரியும். ஆனாலும் விடுபட முடியவில்லை. தாய் பாய்ந்து போய் இழுத்தாள், முடியவில்லை. இரண்டு ஆண்கள் சேர்ந்து இழுத்த பிறகே வெளியே எடுக்க முடிந்தது. அதற்குள் உயிர் போய்விட்டது.

அந்தத் தாய் அழுதுகொண்டு வீட்டில் உட்கார்ந்துவிடவில்லை. இன்னொரு குழந்தைக்கு இந்தக் கதி வரக் கூடாது என்று ஊர் ஊராகப் பேசினாள். சட்டசபை அங்கத்தினர்களைச் சந்தித்தாள். 2007-ம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்கப் பார்லிமெண்டின் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்துக்கு வர்ஜீனியா கிரேம் பேக்கர் என்ற அந்தச் சிறுமியின் பெயரையே வைத்தார்கள்.

உறிஞ்சு துவாரத்துக்குத் தட்டையான மூடி கூடாது. உடம்போ முடியோ சிக்காத பாதுகாப்பு மூடிதான் விற்க வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்லுகிறது.

குளம் கட்டுகிறவர்கள் கேட்டு வாங்க வேண்டியது இதுதான்: ஒரே துவாரம் வேண்டாம். குறைந்தது 3 அடி இடைவெளியில் இரண்டு துவாரங்கள் வேண்டும். ஒன்று அடைபட்டாலும் மற்றொன்று உறிஞ்சும். பிடித்து இழுக்கும் வேகம் குறையும். மூடி உடைந்திருந்தாலோ கழன்றிருந்தாலோ, அதை மாற்றும் வரை ஒருவரும் குளத்தில் இறங்கக் கூடாது. பம்பை நிறுத்தும் பொத்தான் எங்கே இருக்கிறது என்பது வீட்டில் உள்ள எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

கடைசி வேலை எது?

வேலி, மணி, மூடி எல்லாம் இருந்தாலும், குழந்தைகள் தண்ணீரில் இருக்கும்போது பெரியவர் ஒருவர் கரையில் இருந்தாக வேண்டும். "யாராவது பார்த்துக்கொள்வார்கள்" என்று எல்லோரும் நினைத்தால், யாருமே பார்க்க மாட்டார்கள். இன்னார்தான் காவல் என்று பெயர் சொல்லி நியமிக்க வேண்டும். அவர் புத்தகம் படிக்கக் கூடாது. செல்போனைப் பார்க்கக் கூடாது.

குளித்து முடித்ததும் பந்து, பொம்மை எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும். மிதக்கும் பொம்மை குழந்தையைக் கூப்பிடும்.

மூச்சு நின்றவருக்கு முதல் உதவி செய்வது எப்படி என்று வீட்டில் இருவராவது கற்றிருக்க வேண்டும். குழந்தைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்க வேண்டும். நீச்சல் தெரியும் என்பதற்காகக் காவலை விட்டுவிடக் கூடாது.

குளம் கட்டும்போது செலவு ஏறிக்கொண்டே போகும். கையில் பணம் குறையும். அப்போது பலர் செய்யும் தவறு ஒன்று உண்டு. பளிங்கு ஓடு, வர்ண விளக்கு எல்லாம் போட்டுவிட்டு, "வேலியை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம்" என்று தள்ளிப் போடுகிறார்கள். குழந்தைகளோ தண்ணீரைப் பார்ப்பதற்கு அடுத்த மாதம் வரை காத்திருக்க மாட்டார்கள்.

விளக்கை அடுத்த ஆண்டு போட்டுக்கொள்ளலாம். ஓட்டைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் வேலி நின்று, கதவு தானே மூடித் தாழ்ப்பாள் விழுகிறதா என்று பத்து முறை திறந்து பார்த்த பிறகே, குளத்தில் முதல் சொட்டுத் தண்ணீர் விழ வேண்டும்.